377 சீசீ

கிளிநொச்சியிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தேன். கொடிகாமம் நெருங்கும்போது எஞ்சினுக்குள் ஒரு தட்டல் தொடங்கியது. காலை அழுத்தினால் கூடியது, எடுத்தால் குறைந்தது. இரும்புத் தாச்சியின் அடியில் சுத்தியலால் தட்டுகிற மாதிரிக் கனத்த சத்தம். ஓரங்கட்டி நிறுத்தி ஒயில் குச்சியை இழுத்தேன். நுனியில் மட்டும்தான் ஈரம். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட்டின் பெயரிங் போய்விட்டது என்பது அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

என் காரிலிருந்த பி16ஏ, ஒயில் குடிக்கும் எஞ்சின். மேல் சுற்றில் ஓட ஓட இன்னும் குடிக்கும். இது தெரிந்திருந்தும் இரண்டு கிழமையாகக் குச்சியை இழுத்துப் பார்க்காமல் விட்டது என் பிழை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. போனது அப்படிப்பட்ட எஞ்சின்.

என்னுடையது ஹொண்டா சிவிக் இ.கே.4, மூன்று கதவுக் கார். வெளியில் பார்த்தால் சந்தைக்குப் போய் மரக்கறி ஏற்றிவரும் சின்னக் கார். பொனற்றுக்குக் கீழே இருப்பது வேறு. 1989இல் இன்டெக்ரா என்ற காரில், இந்தப் பி16ஏ எஞ்சினில்தான், சுற்றுக்கு ஏற்ப வால்வின் திறப்பை மாற்றும் விடெக்கை ஹொண்டா முதன்முதலாகப் போட்டது. 1595 சீசீயில் 160 குதிரைவலு. டேர்போ இல்லாமல் லீற்றருக்கு 100 குதிரைவலு என்பது அந்தக் காலத்தில் தெருவில் ஓடும் காருக்கு நினைத்துப் பார்க்க முடியாத கணக்கு. இ.கே.4இல் அது நிமிடத்துக்கு 7800 சுற்றில் 170 ஆனது. ஒரே கம் தண்டில் இரண்டு விதமான மேடுகள். கீழ்ச் சுற்றில் சின்ன மேடு வால்வைத் திறக்கும். ஐயாயிரத்து அறுநூறை ஒட்டி ஒயில் அழுத்தம் ஒரு ஊசியைத் தள்ளி, வால்வுகளை அமுக்கும் ரொக்கர்களை ஒன்றாகப் பூட்ட, அதன் பிறகு பெரிய மேடு வேலைசெய்யும். அந்த நொடியில் எஞ்சினின் குரலே மாறிவிடும். ஒருமுறை கேட்டவருக்கு அது காதை விட்டுப் போகாது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்தக் குரலைக் கேட்க இடம் எங்கே? இழுவையின் உச்சம், 16 கிலோகிராம் மீற்றர், 7300 சுற்றில்தான் வரும். காங்கேசன்துறை வீதியில் முன்னால் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள்கள், சந்திக்குச் சந்தி மாடு. ஊருக்குள் 50, வெளியே 70 என்பது சட்டம். இந்த நிலத்தில் 7300 சுற்றைத் தொடுவது வருடத்தில் சில நிமிடங்கள். மிச்ச நேரமெல்லாம் இரண்டாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் இடையில் தூங்கிக்கொண்டிருக்கும் எஞ்சினோடுதான் நான் ஆறு வருடம் ஓடினேன்.

எஞ்சினைச் செயின் புளொக்கில் தொங்கவிட்ட அன்றைக்குத்தான் இதை வாய்விட்டுச் சொன்னேன். கோண்டாவிலில் மாமரத்துக்குக் கீழே கராஜ் வைத்திருக்கும் அண்ணை, அறுபதைத் தாண்டியவர். எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பைக் கழற்றி, வடித்த ஒயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். தங்கப் பொடி தூவினதுபோலப் பெயரிங் உலோகம் மினுங்கியது.

"தம்பி, உமக்கு எவ்வளவு சுத்து வேணும், எவ்வளவு இழுவை வேணும்? முதல் அதைச் சொல்லும். பேந்து எஞ்சினைப் பற்றிக் கதைப்பம்."

"இழுவைதான் வேணும் அண்ணை. ஆனா மேல போகேக்க அந்தச் சத்தமும் வேணும்."

"ரெண்டும் வேணுமெண்டா ரெண்டு எஞ்சினை ஒண்டாக்க வேணும்."

அவர் என்ன சொல்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கியது. 1995 ஒக்டோபரில் ஜப்பானில் வந்த முதல் ஹொண்டா சி.ஆர்.வி.யின் எஞ்சின் பி20பி. என் காரின் எஞ்சினுக்கு அது கூடப்பிறந்தது. சிலிண்டரின் குறுக்களவு 81க்குப் பதிலாக 84 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரமான ஸ்ட்ரோக் 77.4க்குப் பதிலாக 89 மி.மீ. மொத்தம் 1972 சீசீ, என்னுடையதைவிட 377 கூட. விடெக் கிடையாது. 5500 சுற்றில் 130 குதிரைவலுதான், ஆனால் 4200 சுற்றிலேயே 19 கிலோகிராம் மீற்றர் இழுவை. சிலிண்டர்கள் இருக்கும் அந்த அடிக்கட்டையின் மேல், வால்வுகள் இருக்கும் பி16ஏயின் விடெக் ஹெட்டைப் பூட்டுவது ஹொண்டாக்காரர்கள் உலகம் முழுக்கச் செய்துவரும் வேலை. என் கியர்பெட்டி அப்படியே பொருந்தும். கட்டை 8 மி.மீ. உயரம் கூட என்பதால் ரைமிங் பெல்ட் மட்டும் நீளமானது வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரி வரை தனியார் கார்கள் புதிதாக வருவது அநேகமாக இல்லை. இருக்கிற காரைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லாத காலம் அது. ஆகையால் இந்த வேலை எனக்கு வெறும் ஆசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கட்டையைக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பிடித்தோம். இரவு லொறியில் ஏறி விடியக்காலையில் கோண்டாவில் வந்து இறங்கியது. விலையை இங்கே எழுதவில்லை. இன்றைய விலை நாளைக்குச் செல்லாது.

இந்த அண்ணையிடம் ஏன் போனேன் என்பதைச் சொல்லவேண்டும். கொழும்பில் ஹொண்டா எஞ்சின் கட்டுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். இவர் பெரும்பாலும் டீசல் வான்களும் பழைய ஒஸ்ரின்களும் பார்க்கிறவர். ஆனால் 1990இல் பொருளாதாரத் தடை வந்து வடக்கில் பெற்றோல் இல்லாமல் போனபோது, இந்தக் குடாநாட்டின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய கைகளில் இவருடைய கைகளும் இருந்தன. சின்னப் போத்தல் பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒஸ்ரின் ஏ40 அதைத் தாங்கியது. அதன் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற கணக்கு, 7ஐ ஒட்டித்தான் இருந்தது. பிந்தி வந்த ஜப்பான் கார்களின் 9இல் மண்ணெண்ணெய் முந்தி வெடித்து எஞ்சின் கத்தத் தொடங்கும். டிஸ்ரிபியூட்டரை ஒரு மயிரிழை பின்னுக்குத் திருப்பிக் கத்தலை அடக்குவாராம். ஒக்டேன் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. "எண்ணெய் எவ்வளவு நெருக்கத்தைத் தாங்கும்" என்பதுதான் அவர் கேள்வி. காலையில் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி போல இருக்குமாம், தினமும் துடைக்கவேண்டுமாம். அந்த நாட்களைப் பெருமையாக அவர் சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றிக்கொண்டு போகும்போது வழியில் நின்றுவிடக் கூடாதே என்ற பயத்தில் படித்த படிப்பு அது.

பெரிதாக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது குதிரைவலுவை இல்லை, பிஸ்டனின் வேகத்தை. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை மேலே போய் ஒருமுறை கீழே வரும். பழைய எஞ்சினில் 77.4 மி.மீ. ஸ்ட்ரோக்கை 8200 சுற்றில் ஓட்டினால் பிஸ்டனின் சராசரி வேகம் செக்கனுக்கு 21.2 மீற்றர். 89 மி.மீ. ஸ்ட்ரோக்கை அதே 8200இல் ஓட்டினால் 24.3 மீற்றர். ரொட்டும் போல்ட்டும் தாங்குமா என்று நெஞ்சு இடிக்கிற கணக்கு. ஆனால் 7100 சுற்றில் நிறுத்தினால் 21.1 மீற்றர், பழைய எஞ்சின் தாங்கிய அதே வேகம். விடெக் ஹெட்டைப் பூட்டிவிட்டோம் என்பதற்காக எட்டாயிரத்துக்கு முறுக்கி, மூன்றாம் மாதம் கட்டையில் ஓட்டை விழுந்த கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். ஹெட்டின் குணம் ஹெட்டோடு வரும். சுற்றின் எல்லையைத் தீர்மானிப்பது அடிக்கட்டை.

காற்றின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 1595 சீசீ 8200 சுற்றில் நிமிடத்துக்கு 6540 லீற்றர் காற்றைக் கேட்கும். 1972 சீசீ 7100இல் கேட்பது 7000 லீற்றர். ஹெட்டுக்கு வேலை ஏழு வீதம்தான் கூடுகிறது. அதே மூச்சு, ஆயிரம் சுற்று கீழே. அப்பியாசக் கொப்பியில் எழுதி அண்ணையிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தவர், "அப்ப ஏழாயிரத்து நூறிலை பூட்டைப் போடு" என்றார். அவ்வளவுதான்.

பி20பியின் பலவீனம் அதன் சிலிண்டர் சுவர். இந்தக் குடும்பத்து எஞ்சின்கள் எல்லாவற்றிலும் ஒரு சிலிண்டரின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 90 மி.மீ. தூரம். 81 மி.மீ. துளையில் இரண்டு துளைக்கும் நடுவே 9 மி.மீ. மிஞ்சும். 84இல் 6 மி.மீ.தான். அதற்கு மேல் போர் அடித்துப் பெரிதாக்க நினைப்பது பேராசை. எங்கள் நல்ல காலம், வந்த கட்டை தேயாமல் இருந்தது. 84 மி.மீ. அளவிலேயே புதுப் பிஸ்டன் போட்டு, சுவரை உரஞ்சி மெருகாக்கும் ஹோன் மட்டும் செய்வதாக முடிவெடுத்தோம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மெல்லிய சுவர் கொண்ட கட்டையில் ஹெட்டைப் பூட்டிப் போல்ட்டை இறுக்கும்போது வட்டமான துளை கொஞ்சம் நெளியும். மேசையில் சும்மா வைத்து வட்டமாக ஹோன் செய்தாலும் ஹெட்டைப் பூட்டியதும் அது வட்டமாக இராது. பிஸ்டன் ரிங் சரியாக உட்காராது, ஒயில் மேலே ஏறும், பழைய வியாதி திரும்பவும் வரும். இதற்கு மருந்து, ஹெட்டுக்குப் பதிலாகத் தடித்த தகடு ஒன்றை அதே போல்ட்டால் அதே இறுக்கத்தில் பூட்டிவிட்டு, அந்த நெளிவோடு சேர்த்து ஹோன் செய்வது. அப்படித் தகடு ஒன்று எங்களிடம் இல்லை. நகருக்குள் கடைச்சல் பட்டறை வைத்திருக்கும் ஐயா ஒருவரிடம் பழைய ஹெட் கஸ்கட்டைக் கொண்டுபோய் விரித்துக் காட்டினோம். இரண்டு அங்குல இரும்புத் தகட்டில் நாலு பெரிய துளையும் பத்துப் போல்ட் துளையும் வெட்டித்தர அவருக்கு நாலு நாள் எடுத்தது. தகட்டை இறுக்குவதற்கு முன்னும் பின்னும் துளையைப் போர் கேஜால் அளந்தோம். மூன்றாவது சிலிண்டரில் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் இரண்டு பங்கு. ஐயா முள்ளை மூன்று தரம் பார்த்தார். "இவ்வளவு நாளும் நான் சும்மா வைச்சல்லோ ஹோன் அடிச்சனான்" என்று மெல்லச் சொன்னார். தகட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அது இப்போது அவர் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. அடுத்து வரும் ஹொண்டாவுக்கு அது உதவும்.

ரொட் போல்ட்டுகளை ஏ.ஆர்.பி. கம்பனியின் போல்ட்டாக மாற்றினோம். போல்ட்டை மாற்றினால் ரொட்டின் பெரிய கண் வட்டம் குலையும், அதைத் திரும்ப ஹோன் செய்தே ஆகவேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கிராங்கைப் பொலிஷ் செய்து, புதுப் பெயரிங் போட்டு, பிளாஸ்டிக் நூலை நசித்து இடைவெளி பார்த்ததில் 0.04 மி.மீ.

அடுத்தது ஒயில் வழி. விடெக் ஹெட்டுக்கு ஒயில் பி16ஏ கட்டையின் உள்ளேயிருந்தே ஏறும். பி20பி கட்டையில் அந்த வழி இல்லை. ஹெட்டின் அடியிலுள்ள துளைக்கு மரை வெட்டித் திருகாணி போட்டு அடைத்தோம். ஒயில் பில்டருக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு வளையம் வைத்து, அதிலிருந்து கம்பி பின்னிய குழாயால் ஹெட்டுக்கு ஒயில் கொண்டுபோனோம். ஹெட்டையும் கட்டையையும் நேர்நிறுத்தும் ஊசிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, ஹெட்டில் துளை போடவேண்டியிருந்தது. அந்த இரண்டு துளைகளை அண்ணை என்னைப் போட விடவில்லை. காலை ஆறு மணிக்கு, கராஜில் வேறு ஒருவரும் இல்லாத நேரத்தில், தானே போட்டார்.

பிஸ்டன் மேலே வரும்போது வால்வில் இடிக்குமா என்று பார்க்க மகளின் விளையாட்டுக் களியைக் கடன் வாங்கினேன். பிஸ்டன் தலையில் அப்பி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றி, பதிந்த இடத்தைக் கத்தியால் குறுக்கே வெட்டி அளந்தோம். இன்லெட் பக்கம் 1.9, எக்ஸோஸ்ட் பக்கம் 2.4 மி.மீ. இடம் இருந்தது. தாராளம்.

அமுக்க விகிதத்தில்தான் எனக்கும் அண்ணைக்கும் உண்மையான வாக்குவாதம் வந்தது. பார்மசியில் வாங்கிய சிரிஞ்சால் ஹெட்டின் அறைக்குள் நிறம் கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தேன். கஸ்கட்டின் தடிப்பையும் பிஸ்டன் தலையின் பள்ளத்தையும் சேர்த்தால் ஒரு சிலிண்டருக்கு மிஞ்சும் இடம் 52 சீசீ. சிலிண்டரின் கொள்ளளவு 493. இரண்டையும் கூட்டி 52ஆல் பிரித்தால் 10.5. பள்ளம் குறைந்த பிஸ்டன் போட்டால் 11.5 வரை போகலாம், நல்ல வலு வரும் என்பது என் ஆசை.

"95 பெற்றோல் கிடைக்கிற நாளிலை சரி. ஊர்காவற்றுறைக்குப் போய் அங்க 92 மட்டும்தான் இருக்கெண்டா என்ன செய்வீர்? போன முறை கியூவிலை நிண்டது மறந்து போச்சோ?"

மறக்கவில்லை. 2022இல் கியூஆர் அட்டையோடு கிழமைக்கு அளந்து ஊற்றிய பெற்றோலுக்காக இரவு முழுக்க வீதியில் நின்றிருக்கிறேன். எந்த எண்ணெய் வந்ததோ அதை வாங்கினோம். அப்படி ஒரு நாள் இனி வராது என்று சொல்ல என்னால் முடியவில்லை. மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மனிதனுக்கு முன்னால் நின்று அதைச் சொல்லவே முடியவில்லை. 10.5 என்று முடிவானது. இந்த முழு வேலையிலும் எடுத்த முடிவுகளில் சிறந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

ரேடியேற்றரைப் பெரிதாக்கியதும் முன் பிரேக்கை மாற்றியதும் எல்லோரும் செய்கிற வேலை, விட்டுவிடுகிறேன்.

பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஒயில் அழுத்த முள் ஏறும்வரை ஸ்ரார்ட்டரால் மட்டும் சுற்றினோம். பிறகு பிளக்கைப் பூட்டிச் சாவியைத் திருப்பினேன். இரண்டாவது தரத்தில் பிடித்தது. புது ரிங்கை உட்காரவைக்கும் நேரம் முதல் சில மைல்கள்தான். அன்று மாலையே தொண்டைமானாறு வரை போய் வந்தோம். மூன்றாம் கியரில் அழுத்தி ஏற்றி, காலை எடுத்து எஞ்சினாலேயே வேகத்தை இறக்கி, திரும்ப ஏற்றி. வந்ததும் ஒயிலை வடித்துப் பார்த்தோம். ஹோன் தூள் கொஞ்சம், வேறு ஒன்றும் இல்லை.

ஐந்நூறு கிலோமீற்றர் ஓடி முடிந்து முதல்முறையாக ஆறாயிரத்தைத் தாண்டினேன். குரல் மாறவில்லை. விடெக் பிடிக்கவே இல்லை. வயரைப் பார்த்தேன், கொம்பியூட்டரைப் பார்த்தேன், இரண்டு இரவு நித்திரை இல்லை. மூன்றாம் நாள் அண்ணை விடெக்குக்கு ஒயிலைத் திறந்துவிடும் சொலனொயிட்டை ஹெட்டின் பக்கத்திலிருந்து கழற்றி வலையை வெளிச்சத்தில் பிடித்தார். நகத்துண்டு அளவில் வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தது. ஒயில் குழாயின் மரையில் நான் சுற்றிய ரெப்லோன் ரேப். முதல் மரையிலிருந்தே சுற்றியிருக்கிறேன், நுனி கிழிந்து ஒயிலோடு உள்ளே போயிருக்கிறது. பெயரிங் பக்கம் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். ஒயில் வழியில் ரேப் சுற்றாதீர்கள். மரைப்பசை போதும், அதையும் முதல் இரண்டு மரையை விட்டுப் பூசுங்கள்.

கொழும்பிலிருந்து மடிக்கணினியோடு ஒரு தம்பி வந்து இரண்டு நாள் நின்றார். புகைக்குழாயில் லம்டா சென்சர் பூட்டி, முழுக்காலில் காற்றும் எரிபொருளும் 12.8க்கு 1 என்ற அளவில் வரும்வரை ஒவ்வொரு கட்டமாகத் திருத்தினார். பொறி நேரத்தை 92 ஊற்றினாலும் கத்தாத இடத்தில் நிறுத்தச் சொன்னோம். வலுவை அளக்கும் டைனோவில் ஏற்றவில்லை, ஆகையால் குதிரைவலு என்று எந்த எண்ணையும் நான் சொல்லப்போவதில்லை.

கட்டை மாறினால் எஞ்சின் இலக்கமும் மாறும், சீசீயும் மாறும். பற்றுச்சீட்டுகளோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்துப் பதிவுப் புத்தகத்தைத் திருத்தி எடுத்தேன். காலம் எடுத்தது, அலைச்சல்தான். ஆனாலும் செய்யுங்கள். புத்தகத்தில் ஒரு இலக்கமும் கட்டையில் வேறு இலக்கமுமாக ஓடும் காருக்கு விபத்து ஒன்று நடந்தால் உங்கள் பக்கத்தில் யாரும் நிற்கமாட்டார்கள்.

பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணையை ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் களப்பு, காலை வெயில், வீதி வெறுமை. மூன்றாம் கியர், மணிக்கு 40. பழைய எஞ்சின் அந்த இடத்தில் காலை அழுத்தினால் யோசித்துக்கொண்டு நிற்கும். இது நின்ற இடத்திலிருந்தே முதுகைப் பிடித்துத் தள்ளியது. 70க்கு வரும்போது இன்னும் பாதிச் சுற்றுத்தான் போயிருந்தது. இரண்டாம் கியரில் ஒரே ஒரு முறை மேலே விட்டேன். குரல் மாறியது. அண்ணை கதவுப்பிடியை விடாமல் களப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாயிரம் கிலோமீற்றரில் ஒயில் மாற்றப் போனேன். குச்சியில் மட்டம் ஒரு கோடும் இறங்கியிருக்கவில்லை. அவர் கேட்காமலே நாலு பிளக்கையும் கழற்றி மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பீங்கான் முனை நாலிலும் ஒரே நிறம்.

"புழுக்கொடியல் நிறம்" என்றார். துடைக்காமலே திரும்பப் பூட்டினார்.